திருத்தொண்டரா, உபதேசியாரா: தோட்டப் பட்டணத்து இல்லறத்தார் முன்னுள்ள வழிகள்

தென் கெடாவில், கூலிமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடையில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் பட்டணத்தைப் போன்ற ஊர்களில், நாற்பதைத் தாண்டிய ஒரு குடும்பஸ்தர், கத்தோலிக்கத் திருச்சபையில் குருவாகாமலே திருநிலை பெற்றுப் பணிசெய்யும் நிரந்தரத் திருத்தொண்டர் (டீக்கன்) ஆவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால், ‘ஆகலாமா, வேண்டாமா’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார். ஆனால் அவர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. இப்போது கோவிலில் செய்துவரும் பணியைத் திருநிலைப்பாடு என்ற பட்டம் எதுவுமின்றித் தொடரலாம். மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார் என்ற நிலையான திருப்பணியை, மறைமாவட்டத் தலைவரான ஆயரிடமிருந்து பெறலாம். திருத்தொண்டர் பயிற்சியில் இப்போதே சேரலாம், அல்லது பிள்ளைகள் தலையெடுத்த பிறகு சேரலாம். மணமாகாதவர் என்றால் குருத்துவத்தையும் துறவறத்தையும் கூடவே எண்ணிப் பார்க்கலாம். இவற்றை ஏணிப்படிகளைப்போல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே எங்கள் பக்கத்து வழக்கம். அப்படிப் பார்க்காமல், ஒவ்வொரு வழியும் ஒருவரிடமும் அவர் வீட்டாரிடமும் என்ன கேட்கிறது, ஊருக்கு என்ன தருகிறது என்பதை அருகருகே வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். நீண்ட காலம் உபதேசியாராக இருந்து, இந்த எண்ணத்தோடு வந்த தம்பதியருடன் உட்கார்ந்து பேசியிருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் தரும் அதிகாரங்களைக் கணக்கிட்டு முடிவெடுப்பவர் தவறான இடத்தில் தொடங்குகிறார். அந்த அர்ப்பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதும், அது மனைவியின் வாழ்வையும் சேர்த்தே தொடுகிறது என்பதும்தான் முதலில் தராசில் ஏற வேண்டியவை.

திருத்தொண்டர் பணி புதிதாக வந்ததன்று. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டபோது ஸ்தேவான் உள்ளிட்ட எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டதாகத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் சொல்வதைத் திருச்சபை மரபு இப்பணியின் வேராகக் காண்கிறது. 258ஆம் ஆண்டில் உரோமையில் மறைசாட்சியாக உயிர்நீத்த புனித லாரன்சும் ஒரு திருத்தொண்டரே. பிற்காலத்தில் மேற்குத் திருச்சபையில் இந்நிலை, குருவாகப் போகிறவர் இடையில் சிறிது காலம் வகிக்கும் பட்டமாகச் சுருங்கிப்போயிற்று. அதைத் தனக்குரிய நிலையான பணியாக மீண்டும் ஏற்படுத்தலாம் என்றும், முதிர்ந்த வயதுடைய மணமானவர்களுக்கும் வழங்கலாம் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றிய தன் கோட்பாட்டு ஏட்டில் கூறியது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான விதிகளை வகுத்தார். பயிற்சியைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் விரிவான நெறிகளை வத்திக்கான் 1998இல் வெளியிட்டது. மலேசியாவிலும் சில மறைமாவட்டங்களில் மணமானவர்கள் திருநிலைப்படுத்தப்பட்டுப் பணிசெய்து வருகிறார்கள்.

அதிகாரங்களை வைத்துத் தொடங்கக்கூடாது என்று சொன்னாலும், வந்து கேட்பவர்கள் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள் என்பதால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. திருத்தொண்டர் திருப்பலி நிறைவேற்ற முடியாது. பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. நோயில்பூசுதல் வழங்க முடியாது. அவர் திருமுழுக்கின் வழக்கமான பணியாளர். உரிய அதிகாரம் பெற்றுத் திருமணத்தை நடத்தி ஆசி வழங்கலாம். திருப்பலியில் நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றலாம். நற்கருணை ஆசீர் அளிக்கலாம். அடக்கச் சடங்கை நடத்தலாம். பட்டமில்லாத உபதேசியாரோ நற்கருணைப் பணியாளரோ, பங்கின், அதாவது கோவிலைச் சேர்ந்த ஊர்ச்சபையின், பொறுப்புக் குருவான பங்குத்தந்தையின் அனுமதியோடு, குரு வராத ஞாயிற்றுக்கிழமையில் இறைவார்த்தை வழிபாட்டை நடத்தி நற்கருணை வழங்கலாம். நோயாளிகளுக்கு வீடு தேடி நற்கருணை கொண்டுபோகலாம். ஆயர் அனுமதித்திருந்தால் அடக்கச் சடங்கையும் நடத்தலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் திருமுழுக்கு அளிக்கவோ எவருக்கும் தடையில்லை. இரண்டு பட்டியல்களையும் அடுத்தடுத்து வைத்தால், தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றின் அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதி இரண்டாவது பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடுவது தெரியும். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனைக்கு மாறி, சனங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டு வீடமைப்புப் பகுதிகளான தாமான்களுக்குக் குடிபெயர்ந்த காலம் முழுவதும் எங்கள் பக்கத்துச் சிற்றாலயங்களை அணையாமல் காத்தவர்கள் பட்டம் எதுவும் பெறாத உபதேசியார்களும் ஜெபமாலை சொன்ன அம்மாக்களும்தான்.

ஒரு சாவு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாமான் வீட்டின் முன்னறையில் பெட்டி இருக்கும்; வீதியை அடைத்துக் கூடாரம் போட்டு, வாடகை நாற்காலிகள் வரிசையாய்க் கிடக்கும்; அடக்கம் மறுநாள் என்பதால் இரவு முழுவதும் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள். உபதேசியார் ஜெபமாலையைத் தொடங்கும் நேரத்தில், இறந்தவரின் இந்துத் தம்பி தேங்காயோடும் சூடத்தோடும் வாசலில் வந்து நிற்பார். எங்கள் குடும்பங்களில் பாதிக்குப் பாதி இப்படிக் கலந்தவைதான். அவர் மனம் நோகாதபடி அவரை அழைத்துப் பெட்டியின் தலைமாட்டில் நிற்கவைத்து, அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி, பிறகு யோவான் நற்செய்தியிலிருந்து லாசருவின் பகுதியை அவருக்கும் விளங்கும்படி நிதானமாக வாசிக்கும் பக்குவம் திருநிலைப்பாட்டோடு தானாக வந்துவிடுவதில்லை. அது இருக்கிற ஒருவருக்குத் திருத்தொண்டர் பட்டம் கிடைத்தால் ஊர் பயன் பெறும். அது இல்லாத ஒருவர் பட்டம் பெற்று வந்தால், சடங்கு பிழையின்றி முடியும், அவ்வளவுதான்.

இதே இரவுகளில் பட்டம் பெற்றவரின் எல்லையும் தெரியும். பெரியாஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடப்பவரின் மகள், “எண்ணெய் பூசுங்க ஐயா” என்று கையைப் பிடித்துக்கொண்டால், திருத்தொண்டர், ‘அது குருவுக்கு மட்டுமே உரியது’ என்று சொல்லி, அருட்தந்தையைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு, அவர் வந்து சேரும் வரை பக்கத்தில் நின்று ஜெபிக்க வேண்டும். அந்த நேரத்தில் உபதேசியாருக்கும் அவருக்கும் வேறுபாடு குறைவு. திருமணத்தில் வேறொரு விவரம் உண்டு. திருச்சபை தரும் அதிகாரம் ஒன்று, நாட்டுச் சட்டப்படியான பதிவு வேறொன்று. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, துணைப் பதிவாளராக அரசு நியமித்தவர் முன்னிலையில்தான் ஆலயத் திருமணம் பதிவாகும். ஆகவே திருத்தொண்டர் மணமக்களை இணைத்துவைத்தாலும், பதிவுக்கான நியமனம் அவருக்கோ பங்கில் வேறொருவருக்கோ இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இரு வழிகளும் எங்கே உண்மையாகப் பிரிகின்றன? உபதேசியார் உடல்நலம் குன்றினால், வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் போனால், குடும்பத்தில் இக்கட்டு வந்தால், பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. திருநிலைப்பாடு அப்படியன்று. அது அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்பதே கத்தோலிக்க விசுவாசம். பட்டம் பெற்றவர் திருப்பணியாளர் நிலைக்குள் நுழைந்து, தம் மறைமாவட்டத்தோடு கட்டப்பட்டு, ஆயருக்கும் அவருக்குப் பின் வருகிறவர்களுக்கும் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். ‘என் தோட்டம், என் சனம்’ என்று பட்டம் பெற்றவரை, மாண்டரின் பேசுவோர் மிகுந்த வேறொரு பங்கிலோ சிறைப்பணியிலோ ஆயர் தேவை கருதி அமர்த்தினால் அவர் போகத்தான் வேண்டும். பினாங்கு, கெடா, பெர்லிஸ், பேராக், கிளந்தான் ஆகிய ஐந்து மாநிலங்களும் ஒரே மறைமாவட்டம் என்பதை நினைவில் கொள்க. குடும்பத்தையும் வேலையையும் கருத்தில் கொண்டே ஆயர்கள் முடிவெடுப்பார்கள் என்றாலும், தமிழ்ப் பிரிவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் யாரும் திருத்தொண்டர் ஆக முடியாது. மலாய் மொழியில் ஜெபிக்கும் இந்தோனேசியத் தொழிலாளருக்கும், தொழிற்சாலை வேலைக்காகச் சபாவிலிருந்தும் சரவாக்கிலிருந்தும் வந்திருக்கும் இளையோருக்கும் அவர் தொண்டரே.

இனி மனைவியைப் பற்றிப் பேச வேண்டும். இந்த ஒப்பீட்டில் என் மனம் அதிகமாகத் தங்கும் இடம் இதுதான். மணமானவர் முப்பத்தைந்து வயது நிறையாமல், மனைவியின் சம்மதம் இல்லாமல் திருநிலைப்படுத்தப்படக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 1031ஆம் விதி. அந்தச் சம்மதம் திருநிலைப்பாட்டுக்கு முன் ஆவணமாகவும் கேட்கப்படுகிறது. ஆனால் பலர் பயிற்சியில் பாதி தூரம் போன பிறகுதான் 1087ஆம் விதியைக் கவனிக்கிறார்கள். திருநிலை பெற்றவர் அதன்பின் செல்லத்தக்க முறையில் திருமணம் செய்ய முடியாது என்று அது சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள், மனைவி முந்திக்கொண்டால் திருத்தொண்டர் மறுமணம் செய்துகொள்ள இயலாது என்பது. இந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டுமே உண்டு. கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு யாரும் பட்டம் பெறக்கூடாது. கணவர் முதலில் இறந்தால் மனைவிக்கு இந்தத் தடை இல்லை.

இதை ஒரு தம்பதியருக்கு விளக்கியபோது அந்தச் சகோதரி, “நான் போய்ட்டா இவரு தனியாவே மூணு பிள்ளைங்களையும் பாத்துக்கணும், அதானே அண்ணே?” என்று கேட்டார். அவர் கணவர் ஏற்கெனவே விண்ணப்பிக்கும் முடிவோடு வந்திருந்தவர். அந்த வீட்டில் அந்தக் கேள்வி அதுவரை வாய்விட்டுக் கேட்கப்பட்டதே இல்லை. ‘அவருக்கு விருப்பம் என்றால் எனக்கென்ன’ என்று சொல்லும் மனைவியின் சம்மதம் எனக்கு இன்றுவரை அச்சம் தருகிறது. எங்கள் தோட்டக் குடும்பங்களில் கணவர் கோவில் காரியத்துக்குப் போவதை மறுப்பது பக்திக் குறைவு என்று எண்ணும் பெண்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். மறுப்பதற்கு உண்மையான உரிமை உள்ள மனைவி தரும் ஒப்புதலே ஒப்புதல். அவருக்குப் பட்டம் இல்லை, ஆனால் பங்கு அவரையும் ஒரு பதவிக்காரராகவே நடத்தும்; பிள்ளை இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் ‘திருத்தொண்டர் வீட்டிலேயே இப்படியா’ என்ற பேச்சு முதலில் அவர் காதுக்குத்தான் வரும். வத்திக்கானின் 1998ஆம் ஆண்டு நெறிகள் மனைவியரையும் உரிய முறையில் பயிற்சியோடு இணைக்கச் சொல்வது இதனால்தான். உபதேசியார் வழியில் இந்தச் சுமை இல்லாமலில்லை, ஆனால் அது இறக்கிவைக்கக் கூடிய சுமை.

மேலும், 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உபதேசியார் திருப்பணி, ஆயர் சடங்குமுறைப்படி வழங்கும் நிலையான பணி. அது ஆண், பெண் இருபாலாருக்கும் உரியது. வாசகர், பீடத்துணைவர் பணிகளையும் அதே ஆண்டு ஜனவரியில் அவர் பெண்களுக்குத் திறந்துவிட்டார். ஆகவே மறைக்கல்வி வகுப்பையும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தையும் கணவனும் மனைவியும் சேர்ந்தே நடத்திவருகிறார்கள் என்றால், ஒருவரை மட்டும் பீடத்துக்கு அனுப்பி மற்றவரைப் பெஞ்சில் உட்காரவைக்கும் வழியைவிட, இருவரும் ஒன்றாகப் பெறக்கூடிய திருப்பணி அவர்களுக்குப் பொருத்தமானதாக இருக்கலாம். இதைப் பலர் இரண்டாம்தரத் தேர்வு என்று நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பயிற்சிக்குத் தேவைப்படும் நேரத்தையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். மணமானவருக்கான பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டு. அதற்கு முன் அழைப்பைத் தெளிந்துகொள்ளும் ஆயத்தக் காலம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளில் வகுப்புகளும் ஆய்வரங்குகளும் ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கின்றன 1998ஆம் ஆண்டு நெறிகள். வாரக் கணக்கில் பிரித்தால் ஏறத்தாழ ஆறரை மணி நேரம். படிப்பதற்கும் எழுதுவதற்கும் பயணத்துக்கும் ஆகும் நேரம் இதில் சேரவில்லை. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்பவருக்கு இது என்னவென்று அவருக்கே தெரியும். கெடாக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே அரசு விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளியும் அலுவலகமும் வழக்கம்போல் நடக்கும். பாலத்துக்கு அப்பால் பினாங்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை. வகுப்பு ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் என்றால், கெடாவில் ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருப்பவர் விடுப்பு எடுத்துத்தான் போக வேண்டியிருக்கும். பட்டம் பெற்ற பிறகும் இந்த நெருக்கடி தீராது, ஏனெனில் பங்கு அவரை அதிகம் எதிர்பார்க்கும் நாள் ஞாயிறுதான்.

மொழியையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் பிறகு மலாய் வழியில் படித்த ஒருவர், இறையியலை ஆங்கிலத்தில் கற்க வேண்டியிருந்தால் முதல் ஆண்டு மிகக் கடினமாகத்தான் இருக்கும். அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே ஓராண்டு திருச்சபைப் போதனை நூல்களை அந்த மொழியில் வாசித்துப் பழகிக்கொள்வதும், கற்றதைத் தமிழில் பாட்டிமாருக்குச் சொல்லிப் பார்ப்பதும் உதவும். மறையுரை கேட்கப் போகிறவர்கள் அவர்கள்தானே.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. உலகத் தொழிலில் ஊதியம் பெறும் திருத்தொண்டர் அந்த ஊதியத்தைக் கொண்டே தம்மையும் குடும்பத்தையும் காத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். முழுநேரப் பணியில் அமர்த்தப்பட்டால்தான் ஊதியத்துக்கு உரிமை. எனவே குடும்ப வருமானம் கூடும் என்ற எண்ணத்தோடு வருகிறவருக்கு இது வழியன்று.

தொழிற்சங்கத்திலும் கட்சிக் கிளையிலும் பொறுப்பு வகிப்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தோட்டப் பட்டணங்களில் கோவிலில் முன்னுக்கு நிற்பவரே பெரும்பாலும் சங்கத்திலும் முன்னுக்கு நிற்பவர். அரசியல் கட்சியிலும் தொழிற்சங்கத் தலைமையிலும் தீவிரப் பங்கெடுக்கக் கூடாது என்று குருக்களுக்கு இருக்கும் கட்டுப்பாடு நிரந்தரத் திருத்தொண்டரை அப்படியே கட்டுவதில்லை என்று 288ஆம் விதி சொல்கிறது. ஆனால் தல விதிகள் வேறுவிதமாகவும் தீர்மானிக்கலாம், 1998ஆம் ஆண்டு நெறிகளோ இதில் மிகுந்த எச்சரிக்கையைக் கேட்கின்றன. கூலிக்காகவும் வீட்டுரிமைக்காகவும் தொழிலாளர் பக்கம் நிற்பது திருத்தொண்டருக்கு அந்நியமானதன்று, அன்புப்பணி அவருடைய மூன்று பணிகளில் ஒன்று. ஆனால் தேர்தல் மேடையில் ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்டவர் மறுநாள் காலையில் நற்செய்தி வாசிக்க எழுந்தால், எதிர்க்கட்சிக்காரர் எந்த மனதோடு அதைக் கேட்பார்? கிளைத் தலைவர் பதவியை விட மனமில்லாதவர் உபதேசியாராகவே இருப்பது பங்குக்கு நல்லது என்பது என் எண்ணம். உறவு, ஊர், சாதி என்று பிரிந்து பேசும் பழக்கமுள்ள இடங்களிலும் இதே கேள்வி எழும். ‘எங்க ஆளு’ என்று ஒரு தரப்பு கொண்டாடும் ஒருவரை மறுதரப்பும் சாவு வீட்டுக்கு அழைக்கிறதா என்று பாருங்கள். அழைப்பைத் தெளிந்துகொள்ள அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

மணமாகாதவருக்குச் சுருக்கமாக. இருபத்தைந்து வயது நிறைந்தவர் நிரந்தரத் திருத்தொண்டர் ஆகலாம்; ஆனால் வாழ்நாள் முழுவதும் மணத்துறவு காப்பதாகத் திருச்சபை முன்னிலையில் வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கைக் கொடுக்க ஆயத்தமாக இருக்கும் இளைஞர், 1808 முதல் பினாங்கில் இயங்கிவரும் பொதுக் கல்லூரிக் குருமடத்துக்கு ஏன் போகவில்லை என்பதற்குத் தெளிவான விடை வைத்திருக்க வேண்டும். பாடம் சொல்லிக்கொடுப்பதில் ஈடுபாடு உள்ளவர், 1852இல் பினாங்குக்கு வந்த லசால் சகோதரர்களைப் போன்ற துறவறச் சபைகளையும் போய்ப் பார்த்து வரலாம். குருவாக விரும்பி, நீண்ட படிப்புக்குப் பயந்து திருத்தொண்டர் நிலையைத் தெரிந்துகொள்பவர் பின்னாளில் இரண்டிலும் நிறைவு காணமாட்டார். 2017இல் மிலான் பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பேசியபோது, திருத்தொண்டரைப் பாதிக் குருவாகவும் பாதிப் பொதுநிலையினராகவும் காணக்கூடாது என்று எச்சரித்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இனி, இப்போதா பிறகா என்பது. குழந்தைகள் ஆரம்பப்பள்ளியில் படிக்கும் காலத்தில் வாரம் ஒரு நாளை முழுதாக எடுத்துக்கொடுப்பது, தந்தை என்ற முதல் அழைப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகும். மறுபக்கம், அறுபதில் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பயிற்சி முடியும்போது வயது அறுபத்து நான்கைத் தாண்டிவிடும். உச்ச வயது வரம்பு ஏதேனும் உண்டா என்று மறைமாவட்டத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் திருத்தொண்டர், தொழிற்சாலைக் கேண்டீனிலும் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டிலும் குரு நுழையாத இடங்களில் இருக்கிறார் என்பதால், ஓய்வு வரை காத்திருப்பதை நான் விரும்புவதில்லை. கடைசிப் பிள்ளை பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடிக்கும் ஆண்டை ஒட்டிப் பயிற்சி தொடங்கும்படி திட்டமிடுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றதாக இருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டுகள் வீணாகப் போக வேண்டியதில்லை. புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், திருத்தொண்டர் கண்ணியமுள்ளவராய், இரட்டை நாக்கு இல்லாதவராய், குடிக்கு அடிமையாகாதவராய், இழிவான ஊதியத்தின்மேல் ஆசை கொள்ளாதவராய் இருக்க வேண்டும் என்றும், அவர் முதலில் சோதித்துப் பார்க்கப்பட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். சாராயமும் வட்டியும் எத்தனை குடும்பங்களைத் தின்றன என்று கண்ணால் கண்ட எங்கள் பட்டணங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும் பகுதி அது. வட்டிக்குக் கொடுத்து வாங்குபவர் முதலில் அந்தக் கணக்கை முடித்துக்கொள்ளட்டும். காலைப் புகழையும் மாலைப் புகழையும் தினமும் சொல்லிப் பார்க்கட்டும். இரவு ஷிப்டு வாரத்திலும் அது நிற்காமல் நடக்கிறதா என்று கவனிக்கட்டும். குற்றங்குறைகளை மறைக்காமல் பேசக்கூடிய ஆன்ம வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொள்ளட்டும். கோவிலில் யாரும் பார்க்காத வேலை ஒன்றை ஏற்கட்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத பேரனுக்காக அலையும் பாட்டியோடு தேசியப் பதிவிலாகா அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அதிகாரி கேட்கும் கேள்வியை மலாயிலிருந்து அவருக்குத் தமிழில் சொல்லி, மறுபடி வரச் சொன்னால் மறுபடி கூட்டிப்போகும் வேலை ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையாருக்கு நன்றாகத் தெரியும். எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டதும் இப்படிப்பட்ட ஒரு பந்திக்காகத்தான். அந்த வேலை சலிப்பூட்டுகிறது, பீடத்தில் நிற்பது மட்டும் இனிக்கிறது என்றால், பயிற்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை.

இவற்றில் மனம் நிலைத்தால், தனியாகப் போகாமல் மனைவியோடு பங்குத்தந்தையைப் பார்க்க வேண்டும். வயது, திருமணச் சான்று, வேலை நேரம், கடன் நிலவரம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லி, மறைமாவட்டத்தில் அடுத்த சேர்க்கை எப்போது, வகுப்பு எங்கே, எந்த மொழியில், செலவை யார் ஏற்பது என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டவர் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் முறையாகப் பெற்று, குறித்த காலம் அவற்றைச் செய்து, தாம் முழு மனதோடும் எவர் வற்புறுத்தலும் இன்றியும் வருவதாகத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டு ஆயரிடம் தர வேண்டும். அதற்குப் பிறகும் ஆயர் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். அழைப்பைத் தீர்மானிப்பது விண்ணப்பித்தவரின் விருப்பம் மட்டுமன்று, திருச்சபையின் தீர்ப்பும்தான். அப்படிச் சொல்லப்பட்டால் அதைத் தாங்கிக்கொள்ள இருவரும் ஆயத்தமா என்பதையும் முதல் நாளிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஆயிரம் மணி நேரம் மறைநூலும் திருவழிபாடும் கற்றுத் திரும்பும் ஒருவருக்கு, மறைக்கல்வி வகுப்பில் பாடம் சொல்ல ஆளில்லாத சிற்றாலயங்கள் கூலிமைச் சுற்றியும் லூனாஸ், பாடாங் செராய் பக்கங்களிலும் தேடினால் கிடைக்கும்.